மிதவையின் எடை

மணிக்குப் பதினேழு லிட்டர்.
ஆறு வருடமாக அதற்கு அவ்வளவுதான் பசி.
ஜூலைக் குளிரில் ஒருநாள்
இருபத்துநான்கு கேட்டது.

பாதி விமானம் என்னுடையது, பாதி நீல்ஸுடையது.
எந்தப் பாதி யாருக்கென்று பார்த்ததில்லை.
நான் கால்நடை மருத்துவர்.
கரூ வெளியில் ஒரு பண்ணைக்கும் அடுத்ததற்கும்
மண்சாலையில் மூன்று மணி நேரம்,
மேலே முப்பத்தைந்து நிமிடம்.
அவனுக்கு இரண்டாயிரம் செம்மறி, பதினொரு காற்றாலைக் கிணறு.
எது சுற்றுகிறது, எது நின்றுபோனது
என்று வானத்திலிருந்துதான் எண்ணுவான்.

முதலில் கசிவைத் தேடினேன்.
குழாயின் வளைவுகளை வெள்ளைத் துணியால் துடைத்து
துணியை மோந்து பார்த்தேன்.
இறக்கைத் தொட்டியின் மூடிகள் இறுக்கமாகவே இருந்தன.
சோக் கம்பி ஒழுங்காகத் திரும்பியது.
கொட்டகைத் தரையில் ரசமட்டம் வைத்தேன்:
இடது சக்கரம் ஒரு விரல் தாழ்வு.
பலகை கொடுத்து நிமிர்த்தி அளந்தாலும்
கணக்கு உதைத்தது.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும்.
கழற்றவில்லை.
அதைவிடச் சுலபமான ஒன்று
மனதில் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது:
நீல்ஸின் மோட்டார் சைக்கிளும்
இதே பெட்ரோலில்தான் ஓடுகிறது.
மழை பெய்து மூன்று வருடம்.
வங்கிக்காரரின் கார் கிளப்பிய தூசி
அவன் வாசலில் இன்னும் அடங்கவில்லை.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?
அளவுக் குழாயில், பெட்ரோல் நிற்கும் மட்டத்தில்,
முடி கனத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு
வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.
இப்போது உறுத்துவது
கோடு அல்ல, அந்தத் தூக்கம்.

நான்கு நாள் பேய்க்காற்று. யாரும் பறக்கவில்லை.
ஐந்தாம் நாள் டார்ச்சோடு குனிந்தேன்.
பெட்ரோல் என் கோட்டிலேயே நின்றது.
குழாயின் மறுபுறம், அதே உயரத்தில்,
என்னுடையதல்லாத இன்னொரு கோடு.
தச்சுப் பென்சில். தடித்தது.
ஒளிக்கத் தெரியாத கை.

ஓ.
எங்கோ ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் பறந்துவிட்டு
பதிவேட்டில் நான் எழுதாமல் விட்டிருப்பேன் என்று
அவனும் தூங்கியிருக்கிறான்.

மறுநாள் விடியலில் வந்தான்,
ஃபிளாஸ்கில் காப்பி, தாளில் சுற்றிய ரஸ்க்.
கோடுகளைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.
பிளக்குகளைக் கழற்றினோம்.
இடப்பக்கம் வெளிர் பழுப்பு,
வலப்பக்கம் அடுப்புக் கரி.
"வலது கார்புரேட்டர்," என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

கிண்ணத்தைத் திறந்து
மிதவைகள் இரண்டையும் துடைத்து
ஆட்டுக்குட்டிக்கு மருந்து நிறுக்கும் என் தராசில் வைத்தேன்.
ஜோடி ஏழு கிராமைத் தாண்டக் கூடாது.
எட்டு புள்ளி ஆறு.

மிதப்பது ஒன்றுதான் அதற்கு வேலை.
சொட்டுச் சொட்டாகத் தானே குடித்துக் கனத்து
முங்கிக் கிடந்துகொண்டு
இன்னும் நிறையவில்லை, இன்னும் நிறையவில்லை என்று
ஊசிக்கதவைத் திறந்தே வைத்திருந்திருக்கிறது.
நீல்ஸ் தன் கோப்பையைச் சாய்த்துக் காட்டினான்:
முக்கிவிட்டு மறந்த ரஸ்க்
அடியில் போய் உட்கார்ந்திருந்தது.
சிரித்தோம், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

புது மிதவைகள் கேப் டவுனிலிருந்து வியாழக்கிழமை வந்தன.
இப்போது பதினேழு. காற்று அமைதியான நாளில் பதினாறரை.

கோடுகள் இரண்டும் குழாயில் அப்படியே.
ஒவ்வொரு முறை நிரப்பும்போதும்
பெட்ரோல் அவற்றைத் தாண்டி ஏறுகிறது,
பறந்து வந்தால் தாண்டி இறங்குகிறது.
பென்சில்தான். எச்சில் தொட்ட விரல் போதும்.
அவன் அழிக்கட்டுமே என்று நான் விட்டிருக்கிறேன்.
அவனும் அப்படித்தான் போலும்.